சத்தம் கழிச்ச சரக்கு

அக்கா, நம்ம தங்கச்சி பாண்டிச்செல்விக்கு ஞாயித்துக்கெழம திருப்பூர் பஸ்ஸுக்கு டிக்கெட் போட்டாச்சுன்னு அப்பா சொன்னாரு. சந்தோசம். ஆனா பெட்டியக் கட்டுறதுக்கு முன்னாடி இதப் பூராம் படி. படிச்சிட்டு அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டு. அப்பாவுக்கு மட்டும் நடுவுல வர்ற செக்யூரிட்டி சமாச்சாரத்த விட்டுட்டு வாசி, அவருக்கு பிரஷர் இருக்கு. எனக்கும் இருக்கும்னு நெனைக்கிறேன், இன்னும் போய்ப் பாக்கல, பாத்தா இருக்குன்னு சொல்லிருவாகளேன்னு பயந்துக்கிட்டு.

விசயம் என்னன்னா, நான் வேல பாக்குற எடத்துலயே செல்விக்கும் ஒரு எடம் சொல்லி வச்சிருந்தேன்ல? இன்னிக்குக் காலைல அந்த எடம் போச்சு. என் எடமும் சேந்து போச்சு. சாயங்காலம் ஒண்ணு திரும்ப வந்துச்சு, ஆனா போனது வேற, வந்தது வேற. அவ வரலாமா வேண்டாமாங்கிறத நீங்கதான் முடிவு பண்ணணும், அதனால ஒண்ணு விடாமச் சொல்லிர்றேன். என் ரூம்பு மொட்டமாடில நின்னு போன்கிட்டக் கத்திக்கிட்டு இருக்கேன், அது எழுதிக்கிருது. பக்கத்துப் பட்டறைல நிட்டிங் மிசினு ஓடுது.

அப்பா நம்மூர்ல என்னைய கம்ப்யூட்டர் ஆபீசருன்னு சொல்லிக்கிட்டுத் திரியுறாரு. அம்மா, பனியன் கம்பெனிங்குது. ரெண்டும் சரிதான். கீழ நிட்டிங், அதுக்கு மேல தையல், அதுக்கும் மேல கம்ப்யூட்டரு. ஓனரு கிட்டுசாமி அண்ணன், பொங்கலூர்க்காரரு. தோட்டம் இருக்கு, பனியன் கம்பெனி இருக்கு, கூட ஒரு காலேஜும் இருக்கு. அந்தக் காலேஜுக்கு மேலிடத்துல இருந்து ஆளுக வந்து, உங்க தமிழ்த்துறை, வரலாத்துத்துறை ஆராய்ச்சிக்கெல்லாம் டிஜிட்டல் வசதி என்ன வச்சிருக்கீகன்னு கேட்டிருக்காக. என்ன வச்சிருந்தாக? பிரின்சிபால் ரூம்ல ஒரு ஸ்கேனரு. அதுக்கு மேல ஒரு பூந்தொட்டி.

அண்ணன் சும்மா இருப்பாரா. சுத்துப்பட்டுல இருக்க நாலு காலேஜு புரொபசர்களையும் கூப்புட்டு உக்கார வச்சு ஒரு பேச்சுப் பேசுனாரு. நான் அன்னிக்குத்தான் வேலைக்குச் சேந்தேன், டீ டம்ளரு எடுத்துக்கிட்டே கேட்டேன்.

"ஏனுங்க, நம்மூரு சாயப்பட்டறைக்காரங்க என்ன பண்றாங்க? தண்ணி சுத்தம் பண்ண ஆளுக்கொரு பிளான்ட்டா கட்டிட்டிருக்கறாங்க? எல்லாரு சாயத்தண்ணியும் பைப்புல ஒரே எடத்துக்கு வந்துருது. கருப்பா வருது, வெள்ளையாப் போவுது. அதே மாதிரிதானுங்க இதுவும். ஆளுக்கொரு கம்ப்யூட்டரு, ஆளுக்கொரு ஸ்கேனருன்னு எதுக்குங்க செலவு? உங்க ஆராய்ச்சியெல்லாம் இங்க வரட்டும். கருப்பா வரட்டும். நாங்க வெள்ளையா அனுப்பீர்றோம்."

எல்லாரும் கைதட்டுனாக. ஆராய்ச்சி எதுக்குக் கருப்பா வரணும்னு ஒரு புரொபசரும் கேக்கல. போண்டா சூடா இருந்துச்சு.

இத நடத்துறதுக்கு பூபாலன் சாரப் போட்டாக. வாழ்க்க பூராம் எக்ஸ்போர்ட் லைன்ல நின்ன மனுசன். அவருக்கு நாட்டுப்புறப் பாட்டும் ஒண்ணுதான், பனியன் ஸ்லீவும் ஒண்ணுதான். வந்த மொத நாளே மேசைகள வரிசையாப் போட்டு லைன் பிரிச்சிட்டாரு. சரக்கு உள்ள வர்ற எடம் இன்வர்டு, அப்பறம் ஸ்கேனிங், செக்கிங், டிரிம்மிங், பேக்கிங். போர்டுல தெனமும் டார்கெட்டு. நான் கடைசி மேசை. ஃபைலுக்குப் பேரு போட்டு சர்வர்ல ஏத்தணும், மிச்சத்த அழிக்கணும்.

செக்கிங்ல இந்துமதி அக்கா. பனியன்ல ஒரு எண்ணெச் சொட்டு விழுந்தா அந்தக் கோடியில இருந்து கண்டுபிடிக்கும். அப்பேர்ப்பட்ட கண்ணக் கொண்டாந்து ஸ்கிரீனுக்கு முன்னாடி உக்கார வச்சா என்ன ஆகும்? ஒரு வரலாத்துப் புரொபசரு, பழைய கல்யாணப் பத்திரிக்கையா ஒரு சாக்கு கொண்டாந்து குடுத்தாரு. மூலைல மஞ்சத் தடவிருக்குமா, "சார், கறைங்க, மேஜர் டிஃபெக்ட்டு"ன்னு சொல்லி ஒவ்வொண்ணுலயும் சுத்தமாத் தொடச்சிருச்சு. ஒரு பத்திரிக்கைல ஓரமா யாரோ பென்சில்ல, பொண்ணு ஊட்டுக்காரங்க கோவிச்சுட்டுப் பாதிப் பந்தில எந்திரிச்சிட்டாங்கன்னு எழுதி வச்சிருந்தாக. அது மைனர் டிஃபெக்ட்டு. அதையும் எடுத்தாச்சு. புரொபசரு வந்து பாத்துட்டு, "அட, அச்சடிச்ச மாதிரி இருக்குதுங்களே!"ன்னாரு. அச்சடிச்சதுதான் அது.

ஒருத்தரும் கொறை சொல்லல. கொறை சொல்லலன்னா சரக்கு ஓகேன்னு அர்த்தம். பூபாலன் சார் எங்களுக்கு ஸ்வீட் வாங்கிக் குடுத்தாரு.

இப்ப சனிக்கெழம சமாச்சாரம். தையல்ல கட்டிங் வேஸ்ட்டுத் துணிய வாரம் பூராம் சேத்து வச்சு, சனிக்கெழம மூட்ட கட்டி வண்டில ஏத்திருவாக. தரைல வேஸ்ட்டு நிக்கக் கூடாதுங்கிறது சட்டம். எங்களுக்கும் அதே சட்டந்தான். ஸ்கேன் பண்ணி முடிச்ச காகிதம் அந்த மூட்டையோடயே போயிரும். சுத்தம் பண்றதுக்கு முன்னாடி இருந்த ஃபைலு இருக்குல்ல, அழுக்கோட, கறையோட, அதுக்குப் பேரு வேஸ்ட்டு. சனிக்கெழமையானா, "ஜெயபாண்டி, வேஸ்ட்டு கிளியராப்பா?"ன்னு சார் கேப்பாரு. நான் டெலிட்ட அமுக்கணும்.

நான் எப்பேர்ப்பட்ட ஆளுன்னு ஒனக்குத் தெரியும். கேஸ அணைச்சமா இல்லையான்னு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போயித் திரும்பி வர்ற ஆளு. டெலிட்டுன்னு ஒரு பட்டனப் பாத்தாலே எனக்குக் கை வேத்துரும். நாளைக்கு யாராச்சும் வந்து எங்கடான்னு கேட்டா? அதனால ஒவ்வொரு சனிக்கெழமையும் அழிக்கிறதுக்கு முன்னாடி என் சொந்த ஹார்ட் டிஸ்க்குல ஒரு காப்பி போட்டுருவேன். டிஸ்க்க ஆபீஸ்ல வச்சா வேஸ்ட்ட வச்சிருக்கான்னு திட்டுவாக, அதனால பையில போட்டு ரூமுக்குக் கொண்டு வந்துருவேன். அரிசி டப்பாவுக்குள்ள இருக்கும். அறிவுல செஞ்சேன்னு நெனச்சுராத அக்கா. பயத்துல செஞ்சேன்.

இன்னிக்குக் காலைல மதுமதின்னு ஒரு அக்கா வந்தாக. இந்த ஊரு ராயபுரத்துக்காரவுக, நெசவுக் குடும்பம். பிஎச்டி பண்றாக, அடுத்த மாசம் தீஸிஸக் குடுக்கணும். அவுக ஆராய்ச்சி என்னன்னா, மிசினு ஓடுற சத்தத்துக்குள்ள ஆளுக எப்பிடிப் பேசிக்கிறாகங்கிறது. எந்த வார்த்தையச் சுருக்குறாக, எத இழுக்குறாக, எந்த மிசினு ஓடும்போது கொரல எங்கிட்டுத் தூக்குறாக. நம்ம தெக்கத்தி ஆளு, ஒடிசா ஆளு, உள்ளூரு ஆளு எல்லாம் சேந்து ஓவர்லாக் தையல் மிசினு சத்தத்துக்குள்ள தனியா ஒரு பாசையே பேசுறாகளாம். ரெண்டு வருசம் ஒரு கம்பெனில உக்காந்து ரெக்கார்டு பண்ணி, மொத்தத்தையும் எங்ககிட்டதான் குடுத்திருந்தாக. எல்லாம் ஒரே எடத்துல பத்திரமா இருக்கும், ஆளாளுக்குக் காப்பி வச்சுக்க வேண்டாம்னு நாங்கதான் போஸ்டர் ஒட்டிருந்தோம். மெமரி கார்டையும் சும்மா திருப்பிக் குடுக்கல. சுத்தமாக் காலி பண்ணித் திருப்பிக் குடுத்தோம். அது கம்பெனி மரியாதை.

பூபாலன் சாரு பெருமையா ஹெட்போன மாட்டிவிட்டாரு. ஸ்பீக்கர்லயும் போட்டாரு, எல்லாரும் கேக்கட்டும்னு.

ஒரு சத்தமில்ல. குலசாமி கோயில் உச்சி வெயில்ல இருக்குமே, அப்பிடி ஒரு அமைதி. அந்த அமைதிக்குள்ள திடீர்னு ஒரு பொம்பள உசுரு போற மாதிரிக் கத்துச்சு: "சாப்ட்டியாஆஆ!" கொஞ்ச நேரம் கழிச்சு எங்கிட்டோ இருந்து இன்னொரு பொம்பள: "ரசஞ்சோறூஊ!" மறுபடி அமைதி. அப்பறம் ஒரு ஆம்பள, யாரோ கழுத்துல கத்தி வச்ச மாதிரி: "நூலு! நூலு! நூலு!"

மதுமதி அக்கா ஹெட்போனக் கழட்டுனாக.

"ஏனுங்க, மிசின் எங்கீங்க?"

"எடுத்துட்டமுங்க!" பூபாலன் சார் மொகத்துல அப்பிடி ஒரு வெளிச்சம். "வெளியூர்ல இருந்து சாஃப்ட்வேர் வாங்கிப் பண்ணுனதுங்க. ஒரு பிசிறு இருக்காது பாருங்க."

"எதுக்குங்க எடுத்தீங்க?"

"சத்தம்ங்க அது. டிஃபெக்ட்டு."

"அந்த சத்தந்தானுங்க என்ற தீஸிஸ்."

சாரு இன்வர்டு நோட்டப் பொரட்டிப் பாத்தாரு. "அப்பிடீன்னா நீங்க இன்வர்டுலயே சத்தம் வேணும்னு ஸ்பெக் குடுத்திருக்கணுமுங்க. சரக்கு வாங்கற பையர் ஸ்பெக் எழுதிக் குடுக்காம நாங்க எப்பிடீங்க பண்றது? சரி விடுங்க, கவலப்படாதீங்க. கீழதான் மிசின் ஓடுதுல்லங்க? அந்த சத்தத்தப் புடிச்சு இதுக்கு மேல ஒட்டிக் குடுத்தர்றோம். ஒரு நாள் வேலை."

"நான் ரெக்கார்டு பண்ணுன கம்பெனிய மூடீட்டாங்க சார். மிசின வித்தாச்சு. அந்த ஆளுக எந்தெந்த ஊருக்குப் போனாங்கன்னே தெரியாது. ஒரிஜினலக் குடுங்க, நான் போயிர்றேன்."

"ஒரிஜினல்ங்களா?" சாரு என்னையப் பாத்தாரு. "அது போன சனிக்கெழமயே கிளியர் ஆயிருச்சுங்களே."

அவுக அழல அக்கா. அழுதிருந்தாக் கூடத் தேவல. பைய மடில வச்சுக்கிட்டு ஜிப்பத் தொறந்து மூடி, தொறந்து மூடி, அதையே பாத்துக்கிட்டு இருந்தாக. இந்துமதி அக்கா தண்ணி கொண்டாந்து வச்சுச்சு. தொடல.

எனக்கு அப்ப என்ன ஓடுச்சுன்னு சொல்றேன். வாயத் தொறந்தா என் வேல போச்சு. கம்பெனிக்குள்ள இருந்து ஒரு நூலு வெளிய போறதா இருந்தாலும் கேட் பாஸ் வேணும், இல்லாட்டித் திருட்டு. நான் மாசக்கணக்காக் கொண்டு போயிருக்கேன். என் வேல போனா செல்வி வேல போச்சு. அப்பா ஊர்ல எல்லார்கிட்டயும் சொல்லிட்டாரு. அம்மா அவளுக்கு ரெண்டு சுடிதாரு தச்சிருச்சு. அதனால வாயத் தொறக்கவே கூடாதுன்னு தீர்மானமா முடிவெடுத்தேன். எடுத்து முடிக்கிறதுக்குள்ள, "எங்கிட்ட இருக்குங்க"ன்னு கேட்டுச்சு. பாத்தா என் கொரலு.

"எங்கப்பா இருக்குது?" பூபாலன் சாரு.

"ரூம்லங்க."

"எந்த ரூம்ல? சர்வர் ரூம்லயா?"

"நான் தங்கியிருக்க ரூம்லங்க. அரிசி டப்பாவுல."

பாவம், அவருக்கு சந்தோசப்படுறதா போலீசக் கூப்புடுறதான்னு தெரியல. ரெண்டுக்கும் நடுவுல ஓனரக் கூப்புட்டாரு.

இங்கதான் அக்கா, அப்பாவுக்கு வாசிக்கும்போது தாண்டிக்க.

கிட்டுசாமி அண்ணன் வந்து உக்காந்த ஒடனே கேட்ல நிக்கிற செக்யூரிட்டி வெள்ளியங்கிரி அண்ணன வரச் சொன்னாரு. "இந்தப் பையனோட பையத் தெனமும் பாத்தீங்களா இல்லீங்களா?"

"பாத்தனுங்க. துணி ஒண்ணும் இல்லீங்க. கருப்பா ஒரு டப்பா இருந்துச்சு, சோத்து டப்பான்னு உட்டுட்டனுங்க."

"சோத்து டப்பா அத்தாச்சோடு சின்னதாவா இருக்கும்?"

"பையன் ஒல்லியா இருக்கறானேன்னு நெனச்சனுங்க."

இந்துமதி அக்கா சிரிச்சிருச்சு. ஓனரு சிரிக்கல. எந்திரிச்சு வந்து என் தோள்ல கை வச்சாரு. "கண்ணு, நீங்க நல்ல பையன். உங்க மேல எனக்கு ஒரு கோவமும் இல்லீங்க. திங்கக்கெழம இருந்து வர வேண்டாமுங்க. உங்க தங்கச்சிக்குச் சொல்லியிருந்தீங்கல்ல, அதுவும் வேண்டாமுங்க. டீ சாப்புட்டுப் போங்க."

இந்த ஊர்ல வேலைய விட்டுத் தூக்குனாலும் 'ங்க' போட்டுத்தான் தூக்குவாக. நம்மூர்ல வாடா போடான்னு திட்டிட்டு மறுநா வரச் சொல்லுவாக. எது தேவலன்னு நீயே சொல்லு. நான் டீயையும் குடிச்சேன். குடிச்ச அவசரத்துல சட்டைல பாதி ஊத்திருச்சு. மேஜர் டிஃபெக்ட்டு.

மதுமதி அக்காதான் என்னைய அவுக ஸ்கூட்டில ஏத்திக்கிட்டு ரூமுக்கு வந்தாக. பின்னாடியே பூபாலன் சாரு பைக்ல. நான் டிஸ்க்கத் தூக்கிட்டு ஓடிருவேனாம். எங்க ஓட? அரிசிக்குள்ள கைய விட்டு எடுத்து, தட்டி, ஆபீசுக்குத் திரும்பக் கொண்டு வந்து மாட்டுனோம்.

அவுக ஹெட்போனப் போட்டுக் கண்ண மூடுனாக. எனக்கு வெளியவே கேட்டுச்சு, கர்ருன்னு ஓவர்லாக்கு, தடதடன்னு இன்னொண்ணு, அதுக்குள்ள எங்கயோ அடியில "சாப்ட்டியா". இப்பக் கத்துற மாதிரியே இல்ல அக்கா. பக்கத்துல உக்காந்து கேக்குற மாதிரி இருந்துச்சு. மதுமதி அக்கா கண்ணத் தொறக்காமயே சிரிச்சாக. "இது பாருங்க தம்பி, கட்டர் மிசின் ஓடும்போது மட்டும் 'சா'வ விட்டுர்றாங்க. 'ப்ட்டியா'ங்கறாங்க." எனக்கு ஒண்ணும் வெளங்கல. மண்டைய ஆட்டுனேன்.

அப்பறம் டிஸ்க்கக் கழட்டி அவுக பையில போட்டாக. பூபாலன் சாரு, "மேடம், அது கம்பெனிச் சரக்குங்க"ன்னாரு.

"என்ற சரக்குங்க. வேஸ்ட்டுன்னு நீங்க அழிச்சீங்க. இந்தத் தம்பி திருடுச்சுன்னா என்றகிட்டதான் திருடுச்சு. நான் கேஸு குடுக்கல. உங்களுக்கென்னுங்க?"

அதோட விட்டிருந்தா முடிஞ்சிருக்கும். அவுக நாலு காலேஜு புரொபசருகளும் இருக்க வாட்ஸ்அப் குரூப்புல ஒரே ஒரு வரி போட்டாக, உங்க ஒரிஜினலெல்லாம் எங்க இருக்குன்னு கேட்டுப் பாருங்கன்னு. மத்தியானம் சாப்பாட்டுக்குள்ள ஓனரு போன் சூடாயிருச்சு. கல்யாணப் பத்திரிக்கைப் புரொபசருக்கு இப்பத்தான் மஞ்சளு ஞாபகம் வருது. அந்தப் பென்சில்ல எழுதுனது எங்கங்கிறாரு, அதுதான் தன் கட்டுரையே அப்பிடிங்கிறாரு. இம்புட்டு நாளா அத வச்சு ஒண்ணும் எழுதல மனுசன். நாலு காலேஜும் வெலகிருவோம்னு சொல்லிட்டாக. வெலகிட்டா மேலிடத்துக்குக் காட்டுறதுக்கு மறுபடி அந்த ஸ்கேனரும் பூந்தொட்டியுந்தான்.

கேட்டுக்கு வெளிய பேக்கரில உக்காந்திருந்தேன். ஒனக்கு எப்பிடிச் சொல்றதுன்னு ஒரு பன்ன வச்சுக்கிட்டு யோசிச்சுக்கிட்டு இருந்தேன். வெள்ளியங்கிரி அண்ணன் வந்து, "கண்ணு, ஓனரு வரச் சொன்னாருங்க. பை வேண்டாம், சும்மா வாங்க"ன்னாரு.

ஓனரு இப்ப வேற ஆளு. "உக்காருங்க கண்ணு. ஏனுங்க, நாலு காலேஜு சரக்கும் உங்ககிட்ட இருக்குதுங்களா?"

"இருக்குங்க. மதுமதி அக்காதுதான் அவுக கொண்டு போன டிஸ்க்கு. மத்தது இன்னொரு டிஸ்க்கு. அது பருப்பு டப்பாவுலங்க."

அண்ணன் பூபாலன் சாரு பக்கம் திரும்புனாரு. "நாம நிட்டிங் எல்லாத்தையும் உள்ளயா பண்றோம்? பாதி வெளிய. சாயம் வெளிய. பிரிண்டிங் வெளிய. அப்பறம் பேக்கப்பு மட்டும் எதுக்குங்க உள்ள? டிசி புக்க எடுத்துட்டு வாங்க."

டிசின்னா ஒண்ணுமில்ல, ஒரு கம்பெனில இருந்து இன்னொரு பட்டறைக்கு வேலைக்குச் சரக்கு போகும்போது கூடப் போற சீட்டு. இங்க எல்லாமே அப்பிடித்தான் ஓடுது. பூபாலன் சாரு நான் மொத மொத டிஸ்க்கக் கொண்டு போன சனிக்கெழம தேதியப் போட்டு எழுதுனாரு, அன்னிக்கே கம்பெனியே அனுப்பி வச்ச மாதிரி. வேஸ்ட் ஃபைல், ஒரு லாட், பத்திரமாக வைப்பதற்கு, ஜாப் ஒர்க். அனுப்பியது கம்பெனி. பெற்றுக்கொண்டது, ஜெயபாண்டி யூனிட். விலாசம், என் ரூம்பு.

நான் மூணு தடவ படிச்சேன். என்னங்க பாக்குறீங்கன்னாரு ஓனரு. "அழிக்கக் கூடாதுன்னு ஒரு வரி சேத்துருங்க. இல்லாட்டி எனக்குத் தூக்கம் வராதுங்க." சிரிச்சுட்டு அவரே பேனாவ வாங்கி எழுதிக் குடுத்தாரு. அதுக்கப்பறந்தான் கையெழுத்துப் போட்டேன்.

ஆக, காலைல திருடன், சாயங்காலம் யூனிட் ஓனரு. திருப்பூருக்கு வந்து இம்புட்டு வேகத்துல ஓனர் ஆனவன் யாரும் இருக்க மாட்டான். அப்பாகிட்ட இத மட்டும் சத்தமா வாசி. வெளிய வரும்போது பூபாலன் சாரு, "வாங்க ஓனர், வண்டில எறக்கி விடட்டுமா?"ன்னாரு. வெள்ளியங்கிரி அண்ணன் சல்யூட் வச்சாரு.

இப்ப மிச்சத்தையும் சொல்லிர்றேன். ஓனருங்கிறதுனால நான் இனிமே ஸ்டாஃப் இல்ல. பி.எஃப். இல்ல, இ.எஸ்.ஐ. இல்ல, போனஸ் இல்ல. வேல இருந்தா உண்டு. எனக்கு வேல போச்சா கெடச்சுச்சான்னு எனக்கே இன்னும் சரியாத் தெரியல, ரெண்டும் ஒரே சீட்டுல இருக்கு. ஆனா வேல இருக்கு அக்கா, நெசமாவே இருக்கு. வெள்ளையாப் போன ஒவ்வொண்ணுக்கும் அதோட அழுக்கத் தேடிப் பக்கத்துல வைக்கணும். பத்திரிக்கைக்கு மஞ்சள, பாட்டுக்கு நடுவுல இருமுனவர, ரசஞ்சோத்துக்கு மிசினு சத்தத்த. நாலு காலேஜு சரக்கு. ஒத்த ஆளு பண்ணி முடியாது.

செல்வி வந்தா அந்த வேலதான். கம்பெனி பேட்ச் கழுத்துல மாட்ட முடியாது. டார்கெட் போர்டு இல்ல. மாசம் பொறந்தா நிச்சயம்னு எதையும் நான் சொல்ல மாட்டேன், சொன்னா எனக்குத் தூக்கம் வராது. தங்குறதுக்கு மதுமதி அக்கா அவுக வீட்டு மாடில எடம் இருக்குன்னாக, கூடவே, "உங்க தங்கச்சி உங்கள மாதிரியே பயப்படுமுங்களா?"ன்னு கேட்டாக. என்னய விட ஜாஸ்தின்னேன். அப்ப அனுப்பி வைங்கன்னாக.

இதையெல்லாம் அவகிட்டயே குடுத்து வாசிக்கச் சொல்லு. வர்றதா இருந்தா டிக்கெட் அப்பிடியே இருக்கட்டும். வரும்போது நம்ம மாட்டுக்கொட்டாய்ல தொங்குமே பெரிய பூட்டு, அதச் சாவியோட கொண்டு வரச் சொல்லு. யூனிட்டுக்குக் கதவு இருக்கு, தாப்பாதான் நிக்க மாட்டேங்குது. இத உன்கிட்டச் சொல்லிக்கிட்டு இருக்க நேரத்துல ரெண்டு தடவ கீழ போயிக் கதவப் பாத்துட்டு வந்துட்டேன்.